இயற்பியல் தனிப்பயிற்சி: பேனா யார் கையில்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தனிப்பயிற்சி தேவையா இல்லையா என்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவரும் வாசகர் கடிதங்களைத் தொடர்ந்து படித்துவருகிறேன். அது மாணவர்களுக்குக் கூடுதல் சுமை என்று ஒரு சாராரும், வகுப்பில் விட்டதைப் பிடிக்க வேறு வழியில்லை என்று மற்றொரு சாராரும் எழுதுகிறார்கள். இரு சாராரும் மதிப்பெண்ணைப் பற்றியே பேசுகிறார்கள். பயிற்றுநரும் மாணவரும் மேசைக்கு இருபுறமும் அமர்ந்த பிறகு அங்கே என்ன நடக்கிறது என்று யாரும் எழுதக் காணோம். இயக்கவியல், ஆற்றல், மின்சுற்று போன்ற தொடக்கநிலைப் பாடங்களை முதன்முறையாகச் சந்திக்கும் மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக இயற்பியல் சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற முறையில், அந்த மேசையைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

தொடக்க ஆண்டுகளில் நான் செய்ததையே முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மாணவர் ஒரு கணக்கைக் காட்டி ‘வரவில்லை’ என்பார். நான் பேனாவை வாங்கி, படம் வரைந்து, சூத்திரத்தை எழுதி, எண்களை இட்டு, விடையின் கீழ் இரண்டு கோடுகளும் போட்டுவிட்டு, ‘புரிந்ததா?’ என்று கேட்பேன். அவர் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலை நம்பி அடுத்த கணக்குக்குப் போவோம். ஒரு மணி நேரத்தில் எட்டுக் கணக்குகள் முடித்த நாளை நல்ல நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அதே மாணவர் தேர்வில் அதே கணக்கைச் சற்றே திருப்பிக் கேட்டபோது வெறுந்தாளை வைத்துவிட்டு வந்ததை அறிந்த பிறகுதான், அந்த எட்டுக் கணக்குகளையும் போட்டது நான் என்பதும், அவர் ஒரு கணக்கைக்கூடப் போடவில்லை என்பதும் உறைத்தது. ‘புரிந்ததா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல எந்த மாணவருக்கும் துணிவு வராது. அந்தக் கேள்வியை அன்றோடு கைவிட்டேன். பேனாவை மாணவரிடமே விட்டுவிட வேண்டும் என்பதுதான் இக்கடிதத்தில் நான் சொல்ல வந்தது. ஏன் என்பதற்கு ஒரு நாணயத்தைத் துணைக்கு அழைக்கிறேன்.

நாணயத்தை நேர் மேலே சுண்டிவிடுகிறோம். கையை விட்டு நீங்கி, இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கும்போது அதன்மீது செயல்படும் விசைகளை வரையுங்கள் என்று நன்றாகப் படிக்கும் மாணவி ஒருவரிடம் கேட்டேன். கீழ்நோக்கி ஒரு சிறிய அம்பு போட்டு ‘புவியீர்ப்பு’ என்று எழுதினார். மேல்நோக்கி அதைவிட நீளமான ஓர் அம்பு போட்டு ‘கையின் விசை’ என்று எழுதினார். உச்சியில் நாணயம் கணநேரம் நிற்கும்போது என்ன ஆகும் என்றதற்கு, இரண்டு அம்புகளும் சமமாகிவிடும், ஆகவே முடுக்கம், அதாவது திசைவேகம் மாறும் வீதம், சுழி என்றார். இந்த மாணவி நியூட்டனின் மூன்று விதிகளையும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பார். விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கி வருவது என்று எந்த உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். விதிகள் ஒரு பக்கமும் நாணயம் இன்னொரு பக்கமுமாக அவருக்குள் தனித்தனியே குடியிருந்தன.

இந்த இடத்தில் ‘தவறு, கையின் விசை என்று ஒன்று இப்போது கிடையாது’ என்று சொல்லிவிடுவது மிக எளிது. அவரும் எழுதிக்கொள்வார். ஆனால் அவர் வரைந்த மேல்நோக்கிய அம்பு கவனக்குறைவால் வந்ததன்று. எறிந்த பொருளுக்குள் எறிந்தவன் ஏதோ ஒன்றை ஊட்டி அனுப்புகிறான், அது தீர்ந்ததும் பொருள் விழுகிறது என்ற கருத்தை 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஃபிலோபோனஸ் கொண்டிருந்தார். 14ஆம் நூற்றாண்டில் பாரிசின் ஜான் புரிடான் அதற்கு ‘இம்பெட்டஸ்’ என்ற பெயரில் ஒரு முழுக் கோட்பாட்டையே அமைத்தார். பேரறிஞர்கள் நூற்றாண்டுக்கணக்கில் நம்பியதை ஒரு பதினாறு வயதுப் பெண் தானாகவே எட்டியிருக்கிறார் என்றால் அவரைக் கடிந்துகொள்ள என்ன இருக்கிறது? வண்டியைத் தள்ளினால் நகர்கிறது, விட்டால் நிற்கிறது என்று நடை பழகிய நாள் முதல் அவர் உடம்பு கற்றுவைத்த பாடம் அது. ஒரு வாக்கியத்தில் அதை அழித்துவிடலாம் என்று எண்ணுவது பயிற்றுநரின் பேராசை.

ஆகவே நான் மறுத்துப் பேசாமல் ஓர் அட்டவணையை நிரப்பச் சொன்னேன். நாணயம் வினாடிக்கு 19.6 மீட்டர் திசைவேகத்தில் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். ஒரு வினாடி கழித்து 9.8, இரண்டாவது வினாடியின் முடிவில் சுழி, மூன்றாவது முடிவில் கழித்தல் 9.8, நான்காவது முடிவில் கழித்தல் 19.6 என்று அவரே எழுதினார். ஒவ்வொரு வினாடியிலும் திசைவேகம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பக்கத்தில் எழுதச் சொன்னேன். கழித்தல் 9.8, கழித்தல் 9.8, கழித்தல் 9.8, கழித்தல் 9.8. சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ‘உச்சியில் முடுக்கம் சுழி என்றால் அங்கே திசைவேகம் மாறக்கூடாது, மாறாவிட்டால் சுழி சுழியாகவே இருக்கும், அப்படியானால் நாணயம் மேலேயே நின்றுவிடுமே, சார்’ என்றார். அந்த மேல்நோக்கிய அம்பை நான் அடிக்கவில்லை, அவரே அடித்தார். இதற்கு இருபத்தைந்து நிமிடங்கள் ஆயின. என் பழைய கணக்குப்படி அந்த நேரத்தில் மூன்று கணக்குகளாவது முடித்திருக்கலாம்.

என் ஒருவனின் அனுபவத்தை வைத்து நான் இதைச் சொல்வதாக யாரும் கருத வேண்டாம். அமெரிக்காவில் டேவிட் ஹெஸ்டனஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1992இல் விசை பற்றிய ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். சுமார் 30 கேள்விகள். கணக்கீடு எதுவும் கிடையாது. அன்றாடச் சொற்களில் அமைந்தவை. தவறான விடைகள் ஒவ்வொன்றும் மாணவர்கள் உண்மையில் நம்புகிற கருத்துகளிலிருந்து எடுக்கப்பட்டவை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் இத்தகைய கேள்விகளைத் தம் மாணவர்களுக்குக் கொடுத்தபோது, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பதில் எழுத வேண்டுமா, அல்லது நான் உண்மையில் நினைக்கிறபடி எழுத வேண்டுமா என்று ஒரு மாணவி கேட்டாராம். தம் கற்பித்தல் முறையையே மசூர் மாற்றிக்கொண்டதற்குப் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது. பின்னர் ரிச்சர்டு ஹேக் 1998இல் 62 வகுப்புகளைச் சேர்ந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் முடிவுகளைத் தொகுத்தார். பாடம் தொடங்குமுன் தெரியாதிருந்ததில் எத்தனை பங்கைப் பாடம் முடிந்தபின் எட்டினார்கள் என்று கணித்ததில், ஆசிரியர் பேச மாணவர் கேட்ட வகுப்புகளில் அது சராசரியாக 23 சதவீதம். மாணவர்கள் தாமே யோசித்து, விவாதித்து, உடனுக்குடன் தம் தவறைக் கண்டுகொண்ட வகுப்புகளில் 48 சதவீதம். இரண்டாவதும் முழுமைக்குப் பாதிகூட இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இந்தக் கருத்துகள் அவ்வளவு ஆழமாக வேரோடியவை.

வகுப்பறைக்குப் பொருந்துவது ஒரே மாணவர் அமரும் மேசைக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். 2001இல் மிக்கெலீன் சீயும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு நேராகப் பதில் சொல்கிறது. அதன் பாடம் இயற்பியலன்று, இரத்த ஓட்டம். பயிற்றுநர்களில் ஒரு பகுதியினரை, எதையும் விளக்கக்கூடாது, கேள்வி கேட்டு மாணவரைப் பேசவைக்க மட்டுமே வேண்டும் என்று கட்டுப்படுத்தினார்கள். விளக்கம் கேட்ட மாணவர்களுக்குக் குறையாமல் இந்த மாணவர்களும் கற்றிருந்தார்கள். விளக்குவதில் வல்லவன் என்று என்னைப் பற்றி நான் வைத்திருந்த எண்ணத்துக்கு இது நல்ல மருந்து.

நாணயத்துக்கு அடுத்தபடியாக மாணவர்களை வழுக்கிவிடுவது, ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்னும் நியூட்டனின் மூன்றாம் விதி. மேசைமேல் ஒரு புத்தகம் இருக்கிறது. பூமி அதைக் கீழே இழுக்கிறது, மேசை அதை மேலே தள்ளுகிறது. இவை இரண்டும் சமமாகவும் எதிராகவும் இருப்பதால் இவையே வினையும் எதிர்வினையும் என்று ஏறத்தாழ எல்லா மாணவர்களும் எழுதுகிறார்கள். சில வழிகாட்டி நூல்களும் அப்படியே அச்சிட்டிருக்கின்றன என்பதுதான் வேதனை. இதைத் திருத்த ஒரு மின்தூக்கி போதும். அதே மேசையையும் புத்தகத்தையும் மேல்நோக்கி முடுக்கமடையும் மின்தூக்கிக்குள் வைத்து, இப்போது மேசையின் விசை பெரிதா, புத்தகத்தின் எடை பெரிதா என்று கேட்டால், புத்தகமும் மேல்நோக்கி முடுக்கமடைவதால் மேசையின் விசைதான் பெரிதாக இருக்க வேண்டும் என்று மாணவரே சொல்லிவிடுவார். வினையும் எதிர்வினையும் எந்த நிலையிலும் சமமாக இருக்க வேண்டியவை அல்லவா, இங்கே எப்படிச் சமமில்லாமல் போயின என்று அடுத்து கேட்க வேண்டும். அதன்பிறகு அவர் மெல்ல மெல்லச் சரியான இணையைத் தேடத் தொடங்குவார்: பூமி புத்தகத்தை இழுத்தால் புத்தகம் பூமியை இழுக்கிறது; மேசை புத்தகத்தைத் தள்ளினால் புத்தகம் மேசையைத் தள்ளுகிறது. ஒரே பொருளின்மீது செயல்படும் இரண்டு விசைகள் ஒருபோதும் வினை எதிர்வினை இணையாக முடியாது என்ற வரியை நான் சொல்லாமலே அவர் நோட்டில் எழுதுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மேசை தள்ளுகிறது என்பதையே நம்ப மறுப்பவர்களும் உண்டு. உயிரற்ற மேசை எப்படித் தள்ளும், அது சும்மா தடுக்கத்தானே செய்கிறது என்பார்கள். நியாயமான கேள்வி. ஜான் கிளெமென்ட் என்ற ஆய்வாளர் இதற்குப் படிப்படியாகப் பாலம் கட்டும் வழியைக் காட்டினார். சுருள்வில்லைக் கையால் அழுத்தினால் அது கையைத் தள்ளுவதை எல்லோரும் ஏற்கிறார்கள். வில்மேல் புத்தகத்தை வைத்தால்? அடுத்து, மெத்தைப் பஞ்சின்மேல் வைத்தால்? பிறகு வளையக்கூடிய மெல்லிய பலகையின்மேல்? பலகையைச் சிறிது சிறிதாகத் தடிமனாக்கிக்கொண்டே போனால் எந்தத் தடிமனில் அது தள்ளுவதை நிறுத்திக்கொள்கிறது? அப்படியொரு தடிமன் இல்லை என்பது மாணவருக்குப் புலப்படும்போது, கண்ணுக்குத் தெரியாத அளவு மேசையும் வளைகிறது என்று ஏற்க அவர் அணியமாகிவிடுகிறார்.

சூத்திர வேட்டை என்று நான் பெயரிட்டிருக்கும் நோயைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணக்கை முழுதாகப் படிக்குமுன்பே ‘இதற்கு எந்தச் சமன்பாடு, சார்?’ என்பார்கள். கொடுத்த எண்களை எந்தச் சூத்திரம் விழுங்கும் என்று தேடுவதே கணக்குப் போடுதல் என்று அவர்கள் பழகியிருக்கிறார்கள். 1981இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், புதிதாகக் கற்பவர்களிடமும் தேர்ந்தவர்களிடமும் இயற்பியல் கணக்குகளைக் கொடுத்து வகைப்படுத்தச் சொன்னார்கள். புதியவர்கள் சாய்தளக் கணக்கு, சுருள்வில் கணக்கு என்று கண்ணில் படும் பொருளை வைத்துப் பிரித்தார்கள். தேர்ந்தவர்கள் ஆற்றல் அழிவின்மை, நியூட்டனின் இரண்டாம் விதி என்று அடியில் இருக்கும் தத்துவத்தை வைத்துப் பிரித்தார்கள். ஆகவே என் மேசையில் ஒரு கட்டுப்பாடு உண்டு: எந்தத் தத்துவம், ஏன் அது, விடை ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று வாயால் சொன்ன பிறகே சூத்திரம் எழுதலாம். முதல் இரண்டு வாரங்கள் மாணவர்கள் இதை வெறுப்பார்கள். கணிப்பானைத் தொடவே விடமாட்டேன் என்கிறாரே என்று வீட்டில் முறையிட்டவர்களும் உண்டு.

சாய்தளத்தில் சைனா, கொசைனா என்ற குழப்பம் இயற்பியலைவிடக் கணிதத்தைச் சேர்ந்தது. கோணத்தை அடுத்துள்ள பக்கம் என்றால் கொசைன் என்று மனப்பாடமாக வைத்திருப்பவர், சாய்தளத்தின் வழியே கீழிழுக்கும் விசைக்கும் கொசைனையே போட்டுவிடுவார். சரியா தவறா என்று நான் சொல்வதில்லை. தளத்தைச் சாய்க்காமல் தரையோடு தரையாகக் கிடத்தினால் உங்கள் விடை என்ன சொல்கிறது என்று மட்டும் கேட்பேன். கோணம் சுழியானால் கொசைனின் மதிப்பு 1. அப்படியானால் சமதரையில் வைத்த பெட்டி தன் முழு எடையின் விசையோடு பக்கவாட்டில் ஓட வேண்டும். சிரித்துக்கொண்டே சைன் என்று திருத்துவார்கள். அலகுகளைச் சரிபார்க்கும் பழக்கமும் இப்படித்தான் வர வேண்டும். ஒரு தரப்பு பவுண்டு அலகிலும் மறு தரப்பு நியூட்டன் அலகிலும் கணக்கிட்டதால் 1999இல் செவ்வாய்க்கு அனுப்பிய அமெரிக்க விண்கலம் ஒன்று தொலைந்தே போனது. அலகு எழுதாததற்கு அரை மதிப்பெண் குறைத்தார்களே என்று வருந்தும் மாணவரிடம் இதைச் சொல்வதுண்டு.

மின்சுற்றுக்கு வந்தால், மின்னோட்டம் முதல் விளக்கில் பாதி செலவாகி மீதிதான் அடுத்த விளக்குக்குப் போகிறது என்ற நம்பிக்கை நாணயத்தின் அம்பைப் போலவே பிடிவாதமானது. ஒரு மின்கலம், ஒரே மாதிரியான இரண்டு சிறு விளக்குகள், சில கம்பிகள் போதும். எந்த விளக்கு அதிகமாக ஒளிரும் என்று முதலில் எழுதிக் கையெழுத்திடச் சொல்லிவிட்டு, பிறகே ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கச் சொல்ல வேண்டும். எழுதிவைக்காவிட்டால், இரண்டும் சமமாக ஒளிர்வதைப் பார்த்ததும் ‘நானும் அதைத்தான் நினைத்தேன்’ என்று மனம் ஒரு கணத்தில் கட்சி மாறிவிடும்.

இதெல்லாம் நேரம் பிடிக்கும், நாளை மறுநாள் தேர்வு இருக்கும்போது என்ன செய்வது என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தேர்வுக்கு முந்தின நாள் வந்தவரிடம் நானும் நாணயம் சுண்டுவதில்லை. வேண்டியதைச் சொல்லி அனுப்பிவிடுவேன். ஆனால் அது அவசரச் சிகிச்சை என்பதை மாணவரிடமும் பெற்றோரிடமும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மற்ற நாள்களில் பயிற்றுநருக்கு மிகக் கடினமான வேலை காத்திருப்பதுதான். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை மூன்று வினாடியாக உயர்த்தினாலே மாணவர்களின் பதில்கள் நீண்டு தெளிவடைகின்றன என்பதையும் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டினார். மூன்று வினாடி என்பது கேட்பதற்குச் சிறிது. எதிரே ஒருவர் விழித்துக்கொண்டிருக்க, விடை தெரிந்த ஒருவன் வாயை மூடிக்கொண்டிருக்கும்போதுதான் அதன் நீளம் தெரியும். நான் மேசைக்கடியில் விரலை மடக்கி எண்ணிக்கொள்வேன்.

இன்று எந்தக் கணக்கைப் படமெடுத்துக் கொடுத்தாலும் கணினிச் செயலிகள் படிப்படியான விடையை நொடியில் தந்துவிடுகின்றன. விடை போட்டுக் காட்டுவது மட்டுமே தன் தொழில் என்று இருக்கும் பயிற்றுநருக்கு இனி என்ன வேலை என்று எனக்குத் தெரியவில்லை. மாணவர் வரைந்த ஓர் அம்பைப் பார்த்து, இதை ஏன் இங்கே போட்டீர்கள் என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருப்பவருக்கு நிச்சயம் வேலை இருக்கும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் மாணவர் பக்கத்தில் இயற்பியல் மாதிரி வினாக்களை விடைகளோடு சேர்த்தே வெளியிடுகிறீர்கள். கண் கீழே இறங்கிவிடுவதால் யாரும் யோசிப்பதில்லை. வாரம் ஒரு கேள்வியையாவது எண்களே இல்லாமல், விடையில்லாமல் அச்சிட்டு, விடையை அடுத்த வாரம் வெளியிடலாம். முதல் கேள்வியாக இதை எடுத்துக்கொள்ளலாம்: ஒரு மாடியின் விளிம்பிலிருந்து ஒரு பந்தை நேர் மேலேயும், அதே போன்ற இன்னொரு பந்தை நேர் கீழேயும் ஒரே வேகத்தில் எறிகிறோம். காற்றின் தடையைப் பொருட்படுத்தாவிட்டால், தரையைத் தொடும் கணத்தில் எந்தப் பந்தின் வேகம் அதிகமாக இருக்கும்?

விடையை இக்கடிதத்தோடு வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
இயற்பியல் பயிற்றுநர் ஒருவர்